கலப்பிசையில் சொல்லின் நிலை

இசைக்கு மொழியில்லை என்று பலரும் எளிதாகக் கூறிவிடுகின்றனர். குழலிசைக்கும் யாழிசைக்கும் அது பொருந்தலாம், பாட்டுக்குப் பொருந்தாது. பாட்டு சொல்லோடு பிறப்பது. சொல்லோ ஒரு மொழிக்கு உரியது. ஒரு நாட்டின் சொல்லை மற்றொரு நாட்டின் தாளத்தில் ஏற்றிப் பாடும்போது சொல்லுக்கும் தாளத்துக்கும் இடையே ஒரு வழக்கு எழுகின்றது. அவ்வழக்கைத் தீர்க்கத் தெரிந்தவரே கலப்பிசை பாடத் தக்கவர். பினாங்கில் பிறந்த பி. ராம்லியின் பாடல்களை, சிறப்பாக 1962-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இபு மெர்துவாக்கு', அதாவது 'என் மாமியார்' என்னும் மலாய்த் திரைப்படத்தின் கச்சேரிகளை வைத்து இக்கருத்தை ஆராய விரும்புகிறேன்.

தமிழ்ப் பகுதியில் மலாய்ப் பாடகரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்கள் இருப்பர். அவர்களுக்கு இரண்டு விடைகள் உண்டு. நான் குடியிருக்கும் டத்தோ கிராமாட் வட்டாரத்துக்கு அண்மையில்தான் ராம்லி பிறந்து வளர்ந்த மரவீடு இருக்கின்றது. அத்தெரு இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. வீடும் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. இது முதல் விடை. ராம்லியை முதன்முதலாகக் கதைத் தலைவனாகத் திரையில் நிறுத்தியவர், பினாங்கில் வளர்ந்த தமிழரான எல். கிருஷ்ணன் என்பது இரண்டாவது. படம் 'பக்தி', ஆண்டு 1950. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் அக்காலத்து மலாய்ப் படங்களை இயக்கியவர்களுள் இந்தியாவிலிருந்து வந்தோர் பலர். கதை நடுவே பாட்டு வரவேண்டும் என்ற வழக்கத்தை மலாய்த் திரையில் ஊன்றியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆகவே, நமக்கும் இவ்விசைக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று கூறுவதற்கில்லை.

சென்ற ஆண்டு, பெருநிலத்திலுள்ள எம் தோட்டப் பள்ளியின் மாணவர் சிலரை அவ்வீட்டைக் காண்பதற்காக அழைத்து வந்தேன். வாயிற்படியில் இளைப்பாறியபோது, உடன் வந்த ஆசிரியை தம் கைத்தொலைபேசியில் 'கெதாரான் ஜீவா' என்ற பாட்டை ஒலிக்கச் செய்தார். 1960-இல் வந்த 'அந்தாரா டுவா டார்ஜாட்' படத்தில் ராம்லி பியானோ ஆசிரியராக நடித்துப் பாடியது அது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் சிறிது நேரம் கேட்டுவிட்டு, "ஐயா, இது மலாய்ப் பாட்டா, வெள்ளைக்காரர் பாட்டா?" என்றான். "மலாய்ப் பாட்டுத்தான்" என்றேன். "அப்படியென்றால் ஏன் மேளம் வெள்ளைக்காரர் மேளம் மாதிரி இருக்கிறது?" என்றான். நான் விடை கூறவில்லை. பேருந்து வந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இக்கட்டுரையை அவனுக்குத் தர வேண்டிய விடையாகவே எழுதுகிறேன்.

1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் ராம்லி பிறந்தார். தந்தையார் ஆச்சேயிலிருந்து வந்த கடலோடி. அக்காலத்துப் பினாங்கில் ஒரு சிறுவன் ஒரே தெருவில் நடந்தால் எத்தனை இசை அவன் செவியில் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பார்சி நாடகத்தைப் பார்த்து எழுந்த பங்சாவான் மேடை, சென்னைப் படைவீரர்களோடு இங்கு வந்ததாகக் கூறப்படும் போரியா, போர்த்துகீசியச் சாயல் கொண்ட குரோஞ்சோங், இந்திப் படப்பாட்டு, இசைத்தட்டிலும் நடனக் கூடத்திலும் ஒலித்த ஜாஸ். சப்பானியர் ஆட்சியில் அவர்கள் நடத்திய கடற்படைப் பள்ளியிலும் ராம்லி பயின்றார்; ஆகவே சப்பானியப் பாட்டும் அவர் செவிக்கு வந்தது. இவற்றுள் எது அவருக்குச் 'சொந்தம்', எது 'இரவல்'? பிரித்துக் காட்டுவது அரிது. மலாய்க்காரர் தம்முடையது என்று கருதும் ஜோகெட் ஆட்டத்திலேயே போர்த்துகீசிய இரத்தம் ஓடுகிறது. தாம் முதன்முதலாக இயக்கிய 'பெனாரிக் பேச்சா' என்னும் 1955-ஆம் ஆண்டுப் படத்தில் ராம்லி ஒரு பாட்டுக்கு 'இனாங் பாரு' என்று பெயரிட்டார். இனாங் என்பது மலாயரின் பழைய ஆட்டத் தாளங்களுள் ஒன்று. பாரு என்றால் புதிது. பழமையையும் புதுமையையும் இரண்டே சொற்களில் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

இனி 'இபு மெர்துவாக்கு' படத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் காசிம் செலாமாட் என்ற இளைஞன் சாக்சபோன் வாசித்துப் பாடுகிறான். வானொலியில் அவன் குரலைக் கேட்ட செல்வர் வீட்டுப் பெண் சபாரியா அவன்மீது காதல் கொள்கிறாள். அவள் தாய் ஞோஞா மன்சூர், மாப்பிள்ளை இசைக்காரன் என்று கேட்ட அளவில் கொதித்தெழுகிறார். திருமணம் நடக்கிறது, ஆயினும் மகளை ஒதுக்கிவிடுகிறார். இருவரும் பினாங்குக்கு வருகின்றனர். காசிம் இசையை விட்டு உடலுழைப்புக்குப் போகிறான். வறுமை தாங்காமல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு சென்ற சபாரியா இறந்துவிட்டாள் என்று பொய்த்தந்தி வருகிறது. அழுதழுது காசிம் கண்ணிழக்கிறான். பினாங்கில் இரக்கமுள்ள ஒரு குடும்பம் அவனுக்கு இடம் தருகிறது. சாக்சபோன் மீண்டும் கைக்கு வருகிறது. ஒஸ்மான் ஜைலானி என்ற புதுப்பெயரோடு ஊர் ஊராகக் கச்சேரி செய்து, முடிவில் சிங்கப்பூர் மேடையிலேயே ஏறுகிறான். கேட்க வந்தவர்களுள் சபாரியாவும் இருக்கிறாள். கண் மருத்துவர் ஒருவரின் மனைவியாக. அம்மருத்துவரே அவனுக்குப் பார்வை மீட்டுத் தருகிறார். உண்மையை அறிந்த காசிம், தந்த பார்வையைத் தன் கையாலேயே இரண்டு முட்கரண்டிகளால் அழித்துக்கொள்கிறான்.

கதை மிகைப்பட்டது என்று கூறுவோர் உண்டு. நானும் இளமையில் தொலைக்காட்சியில் பார்த்தபோது அவ்வாறே எண்ணினேன். ஐம்பது கடந்தபின் மீண்டும் பார்க்கையில் என்னைச் சுட்டது முட்கரண்டி அன்று, அந்த மாமியார். இசைக்காரன் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும் விதத்தில் என் குரலையே கேட்டேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஒரு மாணவன் கித்தாருடன் தமிழ்ப்பாட்டுப் பாட இசைவு கேட்டான். ஒத்திகையில் அரைப்பாட்டைக் கேட்டேன். "இது காப்பிக்கடைப் பாட்டு, தமிழ்ப் பள்ளி மேடைக்கு ஆகாது" என்று மறுத்துவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் கருவியை உறையில் போட்டான். அன்று நான் கூறிய காரணம் தவறானது. மறுத்தது தவறா என்பதில் மட்டும் எனக்கு இன்றும் ஐயம் உண்டு. அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுகிறேன்.

படத்தில் வானொலிக்கு ராம்லி தந்திருக்கும் இடம் கருதத்தக்கது. காசிமின் குரல் அந்தச் செல்வர் வீட்டு அறைக்குள் தடையின்றி நுழைகிறது. அக்குரலுக்கு உரியவனோ வாயிலிலேயே தடுக்கப்படுகிறான். ஒலிபெருக்கியும் வானொலியும் வந்தபின் பாட்டில் நேர்ந்த மாற்றம் இதுவே. பங்சாவான் மேடையில் பாடியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கத் தொண்டையை உயர்த்தினர். நம் நாடக மேடையில் எஸ். ஜி. கிட்டப்பா எட்டாத சுருதியில் பாடியதற்கும் அத்தேவை ஒரு காரணம். ஒலிவாங்கி வந்தபின் பாடகர் கத்த வேண்டியதில்லை; காதருகே பேசுவது போலப் பாடலாம். மேனாட்டு ஜாஸ் பாடகர்கள் இவ்வழியை முதலில் நன்கு பயன்படுத்தினர். ராம்லி அவர்களிடமிருந்து கற்ற பெரும்பாடம் சாக்சபோன் அன்று, இந்தத் தாழ்ந்த குரலே என்பது என் துணிபு. குரல் தாழ்ந்தால் சொல் தெளிவாகும். சொல் தெளிவானால் மறைக்க இடமில்லை. ஒஸ்மான் ஜைலானி பெயரை மாற்றிக்கொண்டான். குரலை மாற்றிக்கொள்ள இயலவில்லை. சபாரியா அறிந்துகொண்டது அதனால்தான்.

இனித் தாளத்துக்கும் சொல்லுக்கும் உள்ள வழக்கைப் பார்ப்போம். ஜாஸ் இசையின் உயிர், தட்டு விழும் இடத்தில் சொல் விழாமல் சற்று முந்தியோ பிந்தியோ விழுவதில் இருக்கிறது. இது நமக்குப் புதிதன்று. தாளம் தொடங்குமுன் பாட்டெடுப்பதை அதீதம் என்றும், தொடங்கியபின் எடுப்பதை அனாகதம் என்றும் நம் இசையாசிரியர்கள் கற்பிக்கின்றனர். ஆயினும் நாம் அதனைப் பெரும்பாலும் எடுப்பில் நிறுத்திக்கொள்கிறோம். ஜாஸ் அதனை அடிதோறும் செய்கிறது. அவ்வாறு செய்யும்போது, எந்த எழுத்து நீளும், எது குறுகும் என்பது பாடகரின் விருப்பத்துக்கு உரியதாகிவிடும்.

மலாய்மொழி இதற்குப் பெரிதும் இடங்கொடுக்கும். அம்மொழியில் உயிரை நீட்டினாலும் குறுக்கினாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. 'ஜிவா' என்றாலும் 'ஜீவா' என்றாலும் உயிர் என்பதே பொருள். ஆனால் ஓரிடத்தில் கட்டு உண்டு. 'கெதாரான்', 'செகெஜாப்' போன்ற சொற்களில் வரும் எகரம், நம் எகரம் அன்று. வாயை நன்கு திறவாமல் எழும் மெலிந்த ஓர் உயிர். அதனை நீட்டினால் செவிக்கு உறுத்தும். ராம்லியின் பாட்டை ஊன்றிக் கேட்பவர் ஒன்றை அறியலாம். 'கெதாரான் ஜீவா' என்ற தொடரில் அவர் நின்று நீட்டுவது ஈற்று 'வா'வில். 1958-ஆம் ஆண்டு 'சார்ஜன் ஹசான்' படத்துக்கு உரிய 'துங்கு செகெஜாப்' பாட்டில் நீட்டம் 'ஜாப்' மீது விழுகிறது. மெலிந்த உயிர்களைத் தொட்டும் தொடாமலும் கடந்துவிடுகிறார். தாளம் இலத்தீன் அமெரிக்காவிலிருந்து வந்திருக்கலாம். பியானோ ஐரோப்பாவிலிருந்து வந்திருக்கலாம். எழுத்தின் அளவு மட்டும் பினாங்கு வாயில் பிறந்த அளவாகவே இருக்கிறது. மேளம் வெள்ளைக்காரர் மேளம், பாட்டு மலாய்ப் பாட்டு என்று நான் அம்மாணவனிடம் கூறியிருக்க வேண்டும், காரணம் இதுதான்.

தமிழின் நிலை வேறு. நமக்குக் குறில் நெடில் வேறுபாடு பொருள் வேறுபாடு. படம் வேறு, பாடம் வேறு. விடு என்பதை நீட்டினால் வீடாகும். கொடு என்பதை நீட்டினால் கோடாகும். மலையை நீட்டி மாலையாக்கிவிட்டுக் கேட்பவர் பொருளறிந்து கொள்ளட்டும் என்று விடுவது பாடகரின் உரிமை ஆகாது. இசையில் எழுத்துகள் தம் அளவைக் கடந்து ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியரும் அறிந்திருந்தார். நூன்மரபின் இறுதி நூற்பாவில், உயிர் அளபிறந்து ஒலித்தலும் மெய் நீண்டு ஒலித்தலும் யாழ்நூலார் கூறும் வழக்கு என்று ஓர் இசைவு தந்து வைத்திருக்கிறார். இசைவு தந்தாரே தவிர, நெடிலின் இடத்தைக் குறிலுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. நெடிலை எத்துணை நீட்டினாலும் நெடிலே. குறிலை நீட்டும்போதுதான் சொல் சாகிறது.

கித்தார் வாசித்த அம்மாணவன் செய்த பிழை இதுவே என்று இன்று உணர்கிறேன். தாளத்தை முந்தவும் பிந்தவும் விட்டான். அது அழகாகவே இருந்தது. ஆனால் ஒற்றுகளை விழுங்கினான், குறில்களை இழுத்தான். நான் பார்த்ததோ கித்தாரை. காதால் கேட்க வேண்டியதைக் கண்ணால் பார்த்துத் தீர்ப்புக் கூறிவிட்டேன். அவனை உட்கார வைத்து, "தம்பி, இந்த எழுத்தில் நிற்காதே, அடுத்த எழுத்தில் நில்" என்று கூறியிருந்தால், தமிழாசிரியன் செய்ய வேண்டியதைச் செய்தவனாவேன். பயிற்சிக் கல்லூரியில் யாப்பு கற்பித்த எம் ஆசிரியர் அசை பிரிக்கும்போது கையால் தட்டச் சொல்வார். அந்தக் கை எனக்கு நினைவுக்கு வரவில்லை.

கருவியின் பிறப்பைப் பார்த்துக் குலம் பிரிப்பது நம்மிடையே நெடுநாளைய நோய். இன்று கருநாடக இசைக்கு இன்றியமையாததாகிவிட்ட பிடில், முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு வந்தது. முத்துசாமி தீட்சிதரே ஆங்கிலேயப் படையிசை மெட்டுகளுக்கு வடமொழிச் சொல்லிட்டு நோட்டுசுவரங்கள் என்ற பெயரில் பாடல்கள் செய்திருக்கிறார். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் மெட்டும் அவற்றுள் ஒன்று. ஆர்மோனியத்துக்கு நேர்ந்ததோ வேறு. அனைத்திந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை ஒலிக்க விடவில்லை. சாக்சபோனைக் கத்ரி கோபால்நாத் நம் இசைக்கு வளைத்தார். 1994-இல் 'டூயட்' படத்தில் அவர் வாசிப்பைக் கேட்டுக் கண்கலங்கிய தமிழர், அக்கருவி பெல்ஜியத்தில் பிறந்தது என்று எண்ணிக் கலங்கவில்லை.

இன்னும் பின்னே போனால் இளங்கோவடிகள் இருக்கிறார். அரங்கேற்று காதையில் இசையாசிரியனுக்கு இலக்கணம் கூறும்போது, பல நிலத்து ஓசைகளையும் குற்றமற உணர்ந்தவனாக இருக்க வேண்டும் என்ற கருத்தையும் வைக்கிறார். தம் நிலத்து ஓசை மட்டும் போதும் என்று கூறவில்லை. குழலைப் பின்பற்றி யாழும், யாழைப் பின்பற்றித் தண்ணுமையும், அதனைப் பின்பற்றி முழவும் நிற்பதாக அவர் காட்டும் காட்சியை ஜாஸ் குழுவினர் ஒருவர்பின் ஒருவராக வாசிப்பதோடு ஒப்பிட எனக்கு ஆசைதான். ஆயினும் அது நிறைவான ஒப்புமை ஆகாது. அங்கே ஒழுங்கு முன்பே வகுக்கப்பட்டது. இங்கே மேடையிலேயே பிறக்கிறது. தமிழில் இல்லாதது ஒன்றுமில்லை என்று முழங்கும் பழக்கம் நமக்கு வேண்டாம்.

ராம்லியின் பிற்காலம் இவ்வாராய்ச்சிக்கு ஒரு முடிச்சிடுகிறது. 1964-இல் அவர் சிங்கப்பூரை விட்டுக் கோலாலம்பூருக்கு வந்தார். மின்கித்தார்க் குழுக்கள் பெருகி, 'போப் யே யே' என்னும் புதுப்பாணி இளைஞரைக் கவர்ந்த காலம் அது. புதுமைக்காரராகப் புகழ்பெற்றவர் சில ஆண்டுகளுக்குள் பழையவராகிவிட்டார். 1964-இல் வந்த 'தீகா அப்துல்' படத்தில் 'புஞி கித்தார்' என்ற பாட்டால் அவரும் அத்துள்ளலைத் தொட்டுப் பார்த்தவரே. 1971-இல் நடந்த தேசியப் பண்பாட்டு மாநாட்டில், மலேசியாவின் மரபிசையின் தரத்தை உயர்த்தி வளப்படுத்தும் வழிகளைப் பற்றி அவர் ஒரு கட்டுரை படித்தார். ஜாஸும் ரும்பாவும் கலந்தவர் மரபைக் காக்க எழுந்தது முரண் என்று சிலர் கருதுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கலந்தபோதும் அவர் காத்தது சொல்லை. இறுதியில் கவலைப்பட்டதும் அதன் பொருட்டே என்று கொள்கிறேன். ஆனால் புதியவர்களை அவர் பொறுமையோடு கேட்டாரா என்பது வேறு கேள்வி. 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் நாள், 44-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஞோஞா மன்சூர் படத்தில் மட்டும் இருப்பவர் அல்லர். நாட்டார் அவரை அக்கடைசி ஆண்டுகளில் நடத்திய முறையிலும் அந்த மாமியாரின் சாயல் இருந்தது.

1990-இல் அரசு அவருக்கு 'டான் ஸ்ரீ' விருதை, மறைவுக்குப் பின், வழங்கியது. அதே ஆண்டில் ஜாஸ் பாடகி ஷீலா மஜீத், ராம்லியின் பாடல்களைப் புதிய அமைப்பில் பாடி 'லெகெண்டா' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். ஒரு காலத்துப் புதுமை மற்றொரு காலத்துப் பழமையாகி, மீண்டும் கலப்புக்கு மூலப்பொருளாகியது. ஷீலா மஜீத்தின் குரல் பழகியது, சொல்லைச் சிதைக்காதது. குறை கூற வேண்டுமானால், இசையமைப்பு மிகவும் வழவழப்பானது என்பேன். ராம்லியின் பழைய ஒலிப்பதிவில் சாக்சபோன் சற்றுக் கரகரக்கும். அக்கரகரப்பில் ஒரு துயரம் உண்டு. மெருகேற்றும்போது அது போய்விட்டது. ஆயினும் என் மாணவிகளுள் சிலர் ராம்லியிடம் வந்து சேர்ந்தது இவர் வழியாகத்தான்.

இந்நாட்டுத் தமிழிளைஞரும் இன்று உறுமியோடு ஆங்கில முழக்குப்பாட்டையும், தேவாரத்தோடு பியானோவையும் கலந்து பாடிவருகின்றனர். நல்லனவும் உள, பொறுக்க இயலாதனவும் உள. அவற்றுக்கு மதிப்பெண் இடும் நடுவர் இருக்கையில் பெரும்பாலும் தமிழாசிரியராகிய நாமே அமர்கிறோம். நடுவர் தாளில் உடை, மேடைத் தோற்றம், தாளம் என்ற கட்டங்களைக் கண்டிருக்கிறேன். எழுத்தொலிக்கு ஒரு கட்டம் இருந்ததை அரிதாகவே கண்டேன். கருவியைப் பற்றிய தடைகளோ நீளமாக இருக்கும்.

அந்த ஆறாம் ஆண்டு மாணவன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான்; பள்ளிக் குழுவில் ஊதுகருவி கற்பதாக அவன் அக்காள் கூறினாள். சென்ற வாரம் பள்ளி வாயிலில் என்னைக் கண்டு, "ஐயா, நான் பாரதியார் பாட்டு ஒன்றை அந்த மாதிரி தாளத்தில் பாடிப் பார்க்கலாமா?" என்றான். தாளில் பாட்டை எழுதிவரச் சொல்லியிருக்கிறேன். நீட்டத்தக்க எழுத்துகளை நான் சிவப்பு மையால் குறிப்பேன். எங்கே முந்துவது, எங்கே பிந்துவது என்பதை அவன் நீல மையால் குறிக்க வேண்டும். இரண்டு மையும் மோதும் இடங்களைச் சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறோம்.